பின் சீட்டில் நான் இருந்தேன்

மகனுக்கு,

உன் கல்யாணப் பத்திரிகையை ஆபீஸ் பியூனிடம் கொடுத்தனுப்பியிருந்தாய், கிடைத்தது. நல்ல தாள், தங்க எழுத்து, உன் பெயருக்குக் கீழே கிளை மேலாளர் என்று உத்தியோகம். பெற்ற அம்மாவுக்குப் பத்திரிகை பியூன் கையில் வருகிறது. உனக்குத் தனியாக எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை, வீட்டுக்கும் நீ வருவதில்லை, அதனால் இதை நம் சபையின் மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். பாஸ்டர் ஐயா தயங்கினார். “குடும்ப விஷயத்த எதுக்கு அச்சுல போடணும் சிஸ்டர்?” என்றார். டாக்ஸி ஓட்டுகிறவர்கள், தவணையில் ஸ்கூட்டர் எடுத்தவர்கள் என்று நம் சபையிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் உபயோகப்படும் என்றேன். செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் நர்ஸாக இருந்தவளிடம் யாரும் அதிகம் வாதாடுவதில்லை, அவரும் விட்டுவிட்டார்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அம்மா எழுதும் கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மனைவியிடம் பொறுமையாக இரு, வரவுக்குள் செலவு செய் என்று ஆரம்பித்து, உன்னை வளர்த்ததில் குறை இருந்தால் மன்னித்துவிடு என்று கண்ணீரோடு முடியும். அந்தக் கடைசி வரியை நீ இதில் தேடாதே. உன்னை வளர்த்ததில் ஒரு குறையும் இல்லை. நல்லதும் கெட்டதும் தெரியும்படிதான் வளர்த்தோம், நீ தெரிந்தேதான் செய்கிறாய். உன் மனைவியாக வரப்போகிற பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. அவளுக்காகத்தான் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.

உன் வேலை என்ன என்று இதைப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காஞ்சன்பாக்கில் அரசாங்கத் தொழிற்சாலையில் கிடைத்த வேலையை, சங்கு ஊதினால் போய் சங்கு ஊதினால் வருவது ஒரு பிழைப்பா என்று உதறிவிட்டு, வண்டி வாங்கப் பணம் தரும் பைனான்ஸ் கம்பெனியில் சேர்ந்தாய். தவணை முடியும்வரை வண்டி கம்பெனிக்குச் சொந்தம், ஓட்டுகிறவன் அதை வாடகைக்கு வைத்திருப்பவன் மாதிரி. அதில் தப்பில்லை, தெரிந்துதான் எடுக்கிறார்கள். ஆனால் பணம் தருகிற அன்றே வண்டியின் இரண்டு சாவியில் ஒன்றை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். கூடவே ஒன்றும் எழுதாத தாள்களில் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறீர்கள். “எல்லாக் கம்பெனியிலயும் உள்ள பழக்கம்மா, சும்மா ஃபார்மாலிட்டி” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சொன்னாய். ஆபரேஷனுக்கு முன்னால் நாங்களும்தான் கையெழுத்து வாங்குவோம். எதை அறுக்கப்போகிறோம் என்று எழுதாமல் வெற்றுத் தாளில் வாங்கியிருந்தால் எங்களை உள்ளே தள்ளியிருப்பார்கள் என்றேன். மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நீ கை கழுவப் போனாய்.

கொடுத்ததைத் திரும்ப எடுப்பது எப்படி என்று உனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. ரயில்வே ஸ்ட்ரைக் நடந்த வருடம் அப்பாவின் சம்பளம் நின்றுபோனது, என் சம்பளம் வயிற்றுக்கே சரியாக இருந்தது. ஜெனரல் பஜாரில் தவணையில் எடுத்த தையல் மெஷினுக்குக் கட்ட முடியவில்லை. கடைக்காரர் முதலில் ஆள் அனுப்பிச் சொன்னார். அப்புறம் இந்தத் தேதிக்குள் கட்டாவிட்டால் எடுத்துக்கொள்வோம் என்று தபாலில் எழுதினார். அந்தத் தேதி போன பிறகே கடை ஆள் வந்தார், வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்டார். மெஷினில் உன் பள்ளிக்கூடச் சட்டை பாதி தைத்தபடி இருந்தது. “ஆராம்சே கரோ மா” என்று, மெதுவாகவே செய்யச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், நான் நிதானமாகத் தைத்து முடித்தேன். டிராயரில் கிடந்த கத்தரிக்கோல், பாபின், நூல்கண்டு எல்லாவற்றையும் எடுத்து என் கையில் கொடுத்தார். மெஷின் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி, தானும் கையெழுத்துப் போட்டு என்னையும் போடச் சொன்னார். உடனே விற்க மாட்டோம், முடியும்போது வந்து கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஸ்ட்ரைக் முடிந்து பாக்கியைக் கட்டினோம், மெஷின் வீட்டுக்கு வந்தது. முதல் தடவை மெஷினை எடுத்துக்கொண்டு அவர் படியிறங்கும்போது நீ அவர் முதுகில் செருப்பை விட்டெறிந்தாய். அதற்கு நான் உன்னை நாலு அறை விட்டது உனக்கு மறந்திருக்காது.

இனி ராஜய்யா. செகந்திராபாத் ஸ்டேஷன் ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டுகிறவன், ரிட்டயர் ஆன பிறகு நான் எங்கே போனாலும் அவன் வண்டிதான். அவன் ஒன்றும் உத்தமனில்லை. வாய் ஓயாது, வெளியூர்க்காரர் ஏறினால் சுற்றுவழியில் போவான், என்னிடமே ஒருமுறை அப்படிச் செய்யப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டான். உன் கம்பெனியில் தவணைக்கு அம்பாசிடர் எடுத்திருந்தான், ஒழுங்காகத்தான் கட்டிவந்தான். இஞ்சினைப் பிரித்துப் போட்டு வண்டி ஷெட்டில் நின்றபோது இரண்டு தவணை தவறிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து சேர்த்துக் கட்டுகிறேன் என்று உன் ஆபீஸுக்கு வந்து சொன்னான். உன் குமாஸ்தா சரி சரி என்று தலையாட்டி அனுப்பியிருக்கிறான். கடிதம் எதுவும் நீங்கள் போடவில்லை.

அப்போதுதான் உன் நிச்சயதார்த்த விருந்துக்குக் காய்கறி விலை பேச நான் மோண்டா மார்க்கெட் போனேன். சாம்பார் வெங்காயம் ஒரு மூட்டை வாங்கியாயிற்று, அதைத் தூக்கிவர ராஜய்யா உள்ளே போனான். வண்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனான். என் பக்கத்துக் கதவை மட்டும் காற்றுக்காகத் திறந்து வைத்துக்கொண்டு நான் பின் சீட்டில் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். வெயில், கொஞ்சம் கண் அசந்தது. முன் கதவைச் சாவி போட்டுத் திறந்து ஒருவன் ஏறினான், இன்னொருவன் வெளியிலிருந்து என் கதவை அடித்துச் சாத்திவிட்டு அந்தப் பக்கமாக ஏறினான். வண்டி கிளம்பிவிட்டது. ராஜய்யாவின் சொந்தக்காரப் பையன்களோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். அவன் இல்லாமலே வண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும்தான் “யாருல நீங்க?” என்று கத்தினேன்.

ஓட்டியவன் திரும்பிப் பார்த்து வெலவெலத்துப் போனான். “அரே, அந்தர் சவாரி ஹை ரே” என்றான். உள்ளே ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் வண்டியைத் தூக்குகிற லட்சணம் இது. பாரடைஸ் சந்திப்பைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, “உத்ரோ மா, கைக்கு கிரிகிரி?” என்றான், தகராறு பண்ணாமல் இறங்கிப் போகவேண்டுமாம். என் கூடைகளை எடுத்து நடைபாதையில் வைக்கவும் ஆரம்பித்துவிட்டான். யார் சொல்லி எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். சாப் ஆர்டர் என்று உன் பெயரைச் சொன்னான். அந்தச் சாபைப் பெற்றவள் நான்தான் என்று நான் சொல்லவில்லை. “நக்கோ. மைய் நை உத்ரதி. சாப்கே பாஸ் சலோ” என்று, இறங்க மாட்டேன், உங்கள் சாபிடமே போங்கள் என்பதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிவிட்டு முன் சீட்டின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் பிடித்த பிடியை எடுப்பது அத்தனை சுலபமில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தங்களுக்குள் திட்டிக்கொண்டார்கள், அப்புறம் கூடைகளைத் திரும்ப ஏற்றினார்கள்.

போவன்பள்ளியில், எடுத்த வண்டிகளை நிறுத்தி வைக்கும் உங்கள் யார்டுக்குள் வண்டி நுழைந்தபோது நீ கையில் டீ கிளாஸோடு வெளியே வந்தாய். பின் சீட்டில் என்னைப் பார்த்ததும் உன் முகம் வெளுத்தது. பயந்துவிட்டாய், அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று பதறுகிறாய் என்று நினைத்து ஒரு கணம் என் மனம் இளகியது உண்மை. நீயோ அந்த இரண்டு பேரைப் பார்த்து, “இன்கு கைக்கு லாயே ரே?” என்றாய். அதாவது வண்டியைக் கொண்டுவந்தது சரி, என்னைக் கொண்டுவந்ததுதான் தப்பு. பிறகு என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், “அம்மா, இங்க தமாஷா நக்கோ, எல்லாரும் பாக்கறாங்க. ஆட்டோ கூப்பிடறேன், வீட்டுக்குப் போங்க” என்றாய். நான் இறங்கினேன். டிக்கியில் ராஜய்யா மனைவியின் எக்ஸ்ரே இருக்கிறது, மார்பு ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும் என்று மார்க்கெட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் புலம்பினான், அதை மட்டும் என்னிடம் கொடு என்றேன். “ப்ரொசீஜர்படி அவனே வந்து வாங்கிக்கட்டும்” என்றாய். அவன் வந்தபோது டிக்கி காலி என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் இன்னொருமுறை எக்ஸ்ரேவுக்கு வரிசையில் நின்றாள், அதற்குள் இருமல் முற்றிவிட்டது. அவள் இருமலை நான் கேட்டிருக்கிறேன், அது எப்படிப்பட்ட இருமல் என்று எனக்குத் தெரியும்.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தால் வாசலில் ராஜய்யா, பக்கத்தில் வெங்காய மூட்டை. “பண்டி போயிந்தம்மா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். வண்டி போனதற்கு மட்டுமல்ல, உள்ளே நான் இருந்தேனே என்றுதான் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறான். உன் கம்பெனி அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. வண்டி திருட்டு, உள்ளே ஒரு வயசான அம்மா என்று எழுதிக்கொண்டார்கள், பிறகு பைனான்ஸ்காரர்கள் வேலை என்று தெரிந்ததும் சிரித்து அனுப்பிவிட்டார்கள். எழுதியது எழுதியபடி அங்கே இருக்கிறது.

ராஜய்யா நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்ததும் நீ கொதித்தாயாமே. எவனோ வேலைவெட்டி இல்லாத வக்கீல் தூண்டிவிட்டிருக்கிறான் என்று அப்பாவிடம் சொன்னாயாம். அந்த வேலைவெட்டி இல்லாத ஆள் நான்தான். வக்கீல் வேண்டியதில்லை, நடந்ததை வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். நான் இங்கிலீஷில் எழுதினேன், அவன் தெலுங்கில் கையெழுத்துப் போட்டான். அவன் கையெழுத்துப் போடும் முன்னால் ஒவ்வொரு வரியையும் அவனுக்குப் படித்துச் சொன்னேன்.

இதைப் படிப்பவர்கள் யாராவது தவணையில் வண்டி எடுத்திருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், என் மகனும் கேட்கட்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் அதன் குறுக்கே எதற்காக என்று எழுதிவிட்டுப் போடுங்கள். ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், தராமல் இழுத்தடிப்பார்கள், விடாதீர்கள். தவணை தவறினால் வண்டியை எடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் முதலில் எழுத்தில் சொல்லி அவகாசம் தரச் சொல்லிக் கேளுங்கள். அடித்துப் பிடுங்கவும், மிரட்டவும், பூட்டிய கேட்டை உடைத்து வரவும், ஆளோடு சேர்த்து வண்டியை ஓட்டிக்கொண்டு போகவும் எந்த ஒப்பந்தமும் அனுமதி தராது என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். உள்ளே இருக்கும் உங்கள் பொருள் உங்கள் பொருள்தான், பட்டியல் போட்டு வாங்குங்கள். வண்டியை எடுத்த பிறகும் பாக்கியைக் கட்டி மீட்க வாய்ப்புக் கேளுங்கள். விற்கும் முன்னால் உங்களுக்குச் சொல்லவேண்டும், பாக்கி போக மிஞ்சினால் அது உங்களுக்குச் சேரவேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். தவணை வண்டிக்கென்று தனிச் சட்டமே பாஸ் பண்ணி வைத்திருக்கிறார்களாம், நடைமுறைக்குக் கொண்டுவரத்தான் இன்னும் யாருக்கும் மனசு வரவில்லை. அதனால் கேட்கிறவனுக்குத்தான் கிடைக்கும், வாயை மூடிக்கொண்டிருப்பவனுக்குக் கிடைக்காது.

டாக்ஸிக்காரன் சம்பாதிக்க வண்டி வாங்கியவன், அவன் நுகர்வோரே இல்லை என்று உன் வக்கீல் வாதாடப் போகிறாராம். வாதாடட்டும், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். எனக்குப் பொறுக்காதது நீ கொடுத்திருக்கிற பதில். ராஜய்யா எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த தாள் ஒன்றில், நானே மனமுவந்து வண்டியை ஆபீஸில் ஒப்படைத்தேன் என்று டைப் அடித்து இணைத்திருக்கிறாய். அதோடு நிற்கவில்லை. எடுத்தபோது வண்டி காலியாக இருந்தது, உள்ளே ஆளோ பொருளோ இல்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ராஜய்யா அந்த நகலைக் கொண்டுவந்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். நான் படித்தேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டேன். பத்து மாதம் சுமந்தவளை, நீ ஆளே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

அப்பா உன் பக்கம் என்று நீ நம்பிக்கொண்டிருப்பாய். “ஏட்டி, போனது போச்சு. பயலுக்குக் கல்யாணம், பொண்ணு வீட்டுல என்ன நெனப்பாவ? நீ பொய் ஒண்ணும் சொல்லாண்டாம், சும்மா இருந்தாப் போதும்ங்கான்” என்றார். நீ சொல்லி அனுப்பியதை அப்படியே ஒப்பித்தார், பாவம். அவன் எனக்காகச் சும்மா இருந்தானா என்று கேட்டேன். இரண்டு நாள் அப்பா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் காபி குடித்துவிட்டு, “என்னைக்கு வாய்தா?” என்று கேட்டார். தானும் கூட வருவதாகச் சொன்னார். இது உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் விசாரணை. வண்டி இன்னும் யார்டில்தான் நிற்கிறது, நேற்று பஸ்ஸில் போய் கேட்டுக்கு வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். பாக்கித் தவணையை வாங்கிக்கொண்டு வண்டியை ராஜய்யாவிடம் விடு, அவன் கட்டத் தயாராக இருக்கிறான். எக்ஸ்ரே உங்கள் குப்பையில் எங்காவது கிடந்தால் தேடிக் கொடு. மன்றத்துக்குப் போய், நான் கொடுத்த பதில் பொய், திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடு. வேலை போகும் என்பாய், போகட்டும். இதையெல்லாம் செய்தால் நான் உன்னை மன்னிப்பேனா என்று எனக்கே தெரியாது, அந்த ஆசை காட்டி உன்னிடம் பேரம் பேச மாட்டேன்.

செய்யாவிட்டாலும் கல்யாணத்துக்கு வருவேன். முதல் வரிசையில் உட்கார்ந்து, பாட்டுப் பாடி, ஆசீர்வாதம் செய்துவிட்டுத்தான் சாப்பிடப் போவேன். அடுத்த வாரம் மன்றத்துக்கும் வருவேன். கல்யாணத்தில் பெண் வீட்டார் நீங்கள் யார் என்று கேட்பார்கள். மன்றத்தில் உன் வக்கீலும் அதையேதான் கேட்பார். இரண்டு இடத்திலும் நான் சொல்லப்போகிற பதில் ஒன்றுதான், உன் அம்மா.